பூட்டை உடைப்பதில்லை... நம்மையே திறக்க வைக்கிறார்கள்! - வீட்டிலும் ஆபீஸிலும் கைகொடுக்கும் சைபர் பாதுகாப்புப் பழக்கங்கள்

'அன்பார்ந்த வாடிக்கையாளரே, கடந்த மாத பில் அப்டேட் ஆகாததால் உங்கள் வீட்டு மின் இணைப்பு இன்று இரவு 9.30 மணிக்குத் துண்டிக்கப்படும். உடனே மின்வாரிய அதிகாரியைத் தொடர்புகொள்ளவும்.' கீழே ஒரு 10 இலக்க செல்போன் எண்.

இந்த ரீதியிலான எஸ்.எம்.எஸ் உங்கள் போனுக்கும் வந்திருக்கலாம். மின்வாரியமும் காவல்துறையும் பலமுறை எச்சரித்துவிட்டன. அப்படியும் அந்த எண்ணுக்கு யாராவது ஒருவர் போன் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

நிதானமாகப் படித்தால் இதில் இருக்கும் ஓட்டைகள் பளிச்சென்று தெரியும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறைதான் மின் கணக்கெடுப்பு. அப்புறம் ஏது 'கடந்த மாத பில்'? இரவு ஒன்பதரை மணிக்கு ஃபியூஸைப் பிடுங்க எந்த லைன்மேனும் வருவதில்லை. அரசுத் துறையின் எஸ்.எம்.எஸ், யாரோ ஒருவரின் செல்போன் எண்ணிலிருந்து வராது. இவ்வளவும் நமக்குத் தெரியும். ஆனால், மாலை 7 மணிக்கு அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது, பிள்ளைக்கு மறுநாள் பரீட்சை என்று வீடே பரபரப்பாக இருக்கும்போது இந்த மெசேஜ் வந்தால், தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது.

போன் செய்தால் எதிர்முனையில் ஒரு மரியாதையான குரல். 'பில் கட்டியிருக்கீங்க சார், சிஸ்டத்துலதான் ஏறலை. ஒரு ஆப் டவுன்லோடு பண்ணி பத்தே பத்து ரூபாய் கட்டுங்க, சரியாகிடும்.' அந்த ஆப், நம் போன் திரையை அவருக்கு அப்படியே காட்டிக்கொடுக்கும் ஆப். பத்து ரூபாய் கட்டுவதற்காக நாம் தட்டும் கார்டு எண், அதற்கு வரும் ஓ.டி.பி எல்லாமே அங்கே தெரியும். சில நிமிடங்களில் அக்கவுன்ட் காலி.

இதில் வங்கியின் கம்ப்யூட்டரை யாரும் உடைக்கவில்லை. ஆப்பை இன்ஸ்டால் செய்தது நாம். கார்டு எண்ணைத் தட்டியது நாம். திருடன் செய்தது ஒன்றே ஒன்றுதான், நம்மை அவசரப்படுத்தினான். இன்றைய ஆன்லைன் மோசடிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் நடக்கின்றன. அவசரத்தில் அறிவு கைகொடுக்காது, பழக்கம்தான் கைகொடுக்கும். வண்டியில் ஏறியதும் கை தானாக ஹெல்மெட்டைத் தேடுவதுபோல, சில விஷயங்கள் போனிலும் கம்ப்யூட்டரிலும் நமக்குப் பழகிப்போக வேண்டும்.

ஒரு நாட்டின் மத்திய வங்கியே மாட்டிய கதை

'நாமெல்லாம் சாதாரண ஆட்கள், அதனால் ஏமாறுகிறோம்' என்று நினைக்க வேண்டாம். பங்களாதேஷின் மத்திய வங்கிக்கு நடந்ததைப் பாருங்கள்.

2015 ஜனவரியில் அந்த வங்கியின் ஊழியர்கள் சிலருக்கு ஒரு மெயில் வந்தது. வேலை தேடும் ஓர் இளைஞர் பணிவாக எழுதியதுபோன்ற மெயில். அவருடைய பயோடேட்டாவை டவுன்லோடு செய்ய உள்ளே ஒரு லிங்க். அதன் வழியாகத்தான் வைரஸ் வங்கிக்குள் நுழைந்தது. உள்ளே வந்தவர்கள் உடனே எதையும் தொடவில்லை. ஓர் ஆண்டுக்கும் மேல் காத்திருந்தார்கள்.

2016 பிப்ரவரி 4, வியாழக்கிழமை இரவு. நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் பங்களாதேஷுக்கு இருந்த கணக்கிலிருந்து 95 கோடி டாலருக்கும் மேல் மாற்றச் சொல்லி 35 உத்தரவுகள் பறந்தன. நாளைத் தேர்ந்தெடுத்ததுதான் சூட்சுமம். வெள்ளிக்கிழமை பங்களாதேஷில் வார விடுமுறை. அவர்கள் விழித்துக்கொண்டு விசாரிக்கும் நேரத்தில் நியூயார்க்கில் சனி, ஞாயிறு. அதற்கடுத்த திங்கள்கிழமை, பணம் போய்ச் சேர்ந்த பிலிப்பைன்ஸில் சீனப் புத்தாண்டு விடுமுறை. கேள்வி கேட்க ஆளில்லாத நேரமாகப் பார்த்துத்தான் கை வைத்தார்கள்.

பிலிப்பைன்ஸுக்குப் போனது 8 கோடியே 10 லட்சம் டாலர். இலங்கையில் ஓர் அறக்கட்டளையின் பெயரில் அனுப்பப்பட்ட 2 கோடி டாலர் தப்பியது. காரணம் ஓர் எழுத்துப்பிழை. 'ஃபவுண்டேஷன்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ஃபேண்டேஷன்' என்று இருந்தது. இடையில் இருந்த ஒரு வங்கிக்கு அது உறுத்த, 'இது சரிதானா?' என்று திருப்பிக் கேட்டார்கள். அவ்வளவுதான். ஒருவர் நின்று நிதானித்துக் கேட்ட ஒரு கேள்வி, 2 கோடி டாலரைக் காப்பாற்றியது.

அந்தக் கேள்வியைக் கேட்பதுதான் முதல் பழக்கம்.

முதல் பழக்கம்: பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள்

பணம், பாஸ்வேர்டு, ஓ.டி.பி, ஆப் இன்ஸ்டால்... இந்த நான்கில் ஒன்றை யாராவது 'உடனே' என்று கேட்டால், உடனே செய்யாதீர்கள். 'பத்து நிமிடத்தில் கூப்பிடுகிறேன்' என்று சொல்லிவிட்டு போனை வையுங்கள். உண்மையான வங்கிக்கோ, கூரியர் கம்பெனிக்கோ பத்து நிமிடத்தில் ஒன்றும் கெட்டுவிடாது. மோசடிப் பேர்வழிக்குத்தான் பதறும். 'லைனைக் கட் பண்ணாதீங்க' என்று கெஞ்சினாலோ, மிரட்டினாலோ அதுவே உங்களுக்கான பதில்.

அந்தப் பத்து நிமிடத்தில், உங்களைத் தேடி வந்த எண்ணுக்குத் திரும்ப அழைக்காமல், உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணுக்கு அழையுங்கள். வங்கியென்றால் ஏ.டி.எம் கார்டின் பின்பக்கம் எண் இருக்கும். பாஸ்புக்கில் கிளையின் எண் இருக்கும். கூகுளில் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடி, முதலில் வரும் எண்ணுக்கு அழைப்பது ஆபத்து. போலி எண்களை அங்கேயும் விதைத்து வைத்திருக்கிறார்கள்.

நெட் பேங்கிங் செய்பவர்கள், எஸ்.எம்.எஸ்ஸில் வரும் லிங்க்கைத் தொடாமல் முகவரியைத் தாங்களே டைப் செய்வது நல்லது. இந்திய வங்கிகளுக்கென்றே 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் இணைய முகவரியை ரிசர்வ் வங்கி கொண்டுவந்திருக்கிறது. வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் இதற்கு மாற வேண்டும் என்று கெடுவும் விதித்தது. முகவரியின் கடைசிப் பகுதியை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

யு.பி.ஐ-யில் ஒரே ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும். பணம் நமக்கு வருவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. 'உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், இந்த க்யூ.ஆர் கோடை ஸ்கேன் செய்து பின் போடுங்கள்' என்று யார் சொன்னாலும், நம்மிடமிருந்து பணம் போகப்போகிறது என்றே அர்த்தம். பழைய சோபாவை ஆன்லைனில் விற்கப்போய்ப் பணத்தை இழந்தவர்கள் மாட்டியது இந்த இடத்தில்தான்.

எல்லாக் கதவுக்கும் ஒரே சாவியா?

வீட்டு வாசல், பீரோ, ஸ்கூட்டர், பேங்க் லாக்கர் எல்லாவற்றுக்கும் ஒரே சாவியை யாரும் வைத்துக்கொள்வதில்லை. ஆனால், பாஸ்வேர்டில் நம்மில் பலர் அதைத்தான் செய்கிறோம். பிள்ளையின் பெயர், பின்னால் பிறந்த வருடம். மெயிலுக்கும் அதுதான், ஃபேஸ்புக்குக்கும் அதுதான், ஷாப்பிங் ஆப்புக்கும் அதுதான்.

இதில் என்ன ஆபத்து? எங்கோ ஒரு சிறிய வெப்சைட்டிலிருந்து பாஸ்வேர்டுகள் திருடு போகின்றன என்று வைத்துக்கொள்வோம். திருடியவர்கள் அந்த மெயில் ஐ.டி-யையும் பாஸ்வேர்டையும் எடுத்துக்கொண்டு மற்ற எல்லாக் கதவுகளிலும் போட்டுப் பார்ப்பார்கள். ஒவ்வொன்றாக உட்கார்ந்து டைப் செய்யப்போவதில்லை. அதற்கென்றே மென்பொருள் இருக்கிறது.

ஃபேஸ்புக்கை உருவாக்கிய மார்க் ஸக்கர்பெர்க்கே இதற்குத் தப்பவில்லை. 2016 ஜூனில் அவருடைய ட்விட்டர், பின்ட்ரஸ்ட் கணக்குகள் சிறிது நேரம் ஹேக்கர்கள் கைக்குப் போயின. 2012-ல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து திருடுபோன பட்டியலில் அவருடைய பாஸ்வேர்டு கிடைத்தது என்று அந்த ஹேக்கர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்ன பாஸ்வேர்டு, 'டடடா'.

சரி, எப்படி வைப்பது? எல்லோரும் சொல்வதுபோல ஸ்டார், ஹாஷ், டாலர் குறிகளைப் போட்டு நமக்கே மறந்துபோகும் பாஸ்வேர்டு தேவையில்லை. நீளம்தான் முக்கியம். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் சேர்த்து எழுதுங்கள். முருங்கைக்காய், சைக்கிள், தாயக்கட்டை, மழை... இப்படி. 20 எழுத்துகளைத் தாண்டிவிடும், உங்களுக்கும் மறக்காது. (இதே நான்கு சொற்களை வைத்துவிடாதீர்கள். இதைப் படிக்கும் எல்லோருக்கும் அது தெரியும்!) திரைப்படப் பாடலின் முதல் வரி, குலதெய்வத்தின் பெயர், வண்டி எண் போன்றவை வேண்டாம்.

மாதம்தோறும் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் பழைய அறிவுரையும் இப்போது மாறிவிட்டது. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று 2017-லேயே சொல்லிவிட்டது. மாற்றச் சொன்னால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? கடைசியில் இருக்கும் 1-ஐ 2 ஆக்குவார்கள், அவ்வளவுதான். திருடுபோனது என்று தெரிந்தாலோ, சந்தேகம் வந்தாலோ மாற்றினால் போதும்.

இத்தனை பாஸ்வேர்டை எப்படி நினைவில் வைப்பது? கூகுள், ஆப்பிள் போன்களிலேயே பாஸ்வேர்டு மேனேஜர் இருக்கிறது. அது புதிய பாஸ்வேர்டைத் தானே உருவாக்கிச் சேமித்தும் வைக்கும். போன் திறக்கும் லாக் மட்டும் வலுவாக இருக்க வேண்டும். அது சிரமம் என்று நினைக்கும் பெரியவர்கள், ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதி பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம். தப்பில்லை. எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்திருக்கும் திருடனால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. ஆனால், ஏ.டி.எம் பின்னையும் யு.பி.ஐ பின்னையும் மட்டும் எங்கேயும் எழுதாதீர்கள். கார்டின் உறையில் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்வது, பர்ஸோடு சேர்த்துப் பணத்தையும் தானம் கொடுப்பதற்குச் சமம்.

ஒரே ஒரு பாஸ்வேர்டை மட்டும்தான் இன்று மாற்ற முடியும் என்றால், மெயிலின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மற்ற எல்லா இடங்களிலும் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தினால், புதிய சாவி அந்த மெயிலுக்குத்தான் வருகிறது. மெயில் போனால் எல்லாமே போய்விடும்.

இரண்டாவது பூட்டு

பாஸ்வேர்டு தெரிந்தாலும் உள்ளே வர முடியாதபடி இன்னொரு பூட்டு போடுவதுதான் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன். மெயில், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் இது இலவசம். ஒருமுறை ஆன் செய்தால் போதும்.

வாட்ஸ்அப்பில் இது ஏன் அவசியம் என்று பாருங்கள். உங்கள் நண்பரின் எண்ணிலிருந்து ஒரு மெசேஜ் வரும். 'ஒரு 6 இலக்க நம்பர் தவறுதலாக உனக்கு வந்துவிட்டது. கொஞ்சம் அனுப்பேன்.' நண்பர்தானே என்று அனுப்பினால் உங்கள் வாட்ஸ்அப் கணக்கு அவர்கள் கைக்குப் போய்விடும். நண்பரின் கணக்கு ஏற்கெனவே போய்விட்டது. அடுத்து உங்கள் பெயரில் உங்கள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் 'அவசரமாக 10,000 ரூபாய் வேண்டும்' என்று மெசேஜ் போகும்.

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அக்கவுன்ட், டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்று வரிசையாகப் போய் ஆறு இலக்க பின் ஒன்றை வைத்துவிட்டால், அந்த நம்பர் கிடைத்தாலும் திருடனால் நுழைய முடியாது. அப்படியே 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியையும் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டரில் உங்கள் வாட்ஸ்அப் திறந்திருந்தால் அங்கே தெரியும். உடனே லாக் அவுட் செய்துவிடலாம்.

கல்யாணப் பத்திரிகை வடிவில் வரும் வில்லங்கம்

'எங்கள் இல்லத் திருமணத்துக்கு அவசியம் வரவும்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல். அல்லது, 'உங்கள் வண்டிக்கு அபராதம் விதிக்கப்பட்டுள்ளது' என்று ஒரு ஃபைல். திறப்பதற்கு முன் அதன் பெயரின் கடைசி மூன்று எழுத்துகளைப் பாருங்கள். கல்யாணப் பத்திரிகை என்றால் அது படமாகவோ, பி.டி.எஃப் ஆகவோ இருக்கும். 'ஏ.பி.கே' என்று முடிந்தால் அது பத்திரிகையே அல்ல, ஓர் ஆப்.

அதை இன்ஸ்டால் செய்தால், எஸ்.எம்.எஸ் படிக்க அனுமதி கேட்கும். நாமும் 'அலவ்' என்று தட்டிவிடுவோம். அதன்பிறகு நமக்கு வரும் ஒவ்வோர் ஓ.டி.பி-யும் அவர்களுக்கும் போகும். நம் போனிலிருந்தே நம் உறவினர்களுக்கும் அதே 'பத்திரிகை' பறக்கும். அதனால்தான் இது தெரிந்தவர் எண்ணிலிருந்தே வருகிறது. 'பெரியப்பா அனுப்பியது, தப்பாக இருக்காது' என்ற நம்பிக்கையைத்தான் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

ஆப் என்றால் பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரிலிருந்து மட்டும் என்பதை வீட்டில் சட்டமாக்குங்கள். ஆண்ட்ராய்டு போன் செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' என்ற இடத்தில் வாட்ஸ்அப், குரோம் இரண்டுக்கும் அனுமதி இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு அபராதமா? நீங்களே அரசின் பரிவாஹன் தளத்துக்குப் போய் வண்டி எண்ணைக் கொடுத்துப் பாருங்கள்.

'அப்புறம் பார்த்துக்கலாம்' என்றால்...

கம்ப்யூட்டரின் மூலையில் 'அப்டேட் தயார்' என்று வரும். 'பிறகு நினைவூட்டு' என்று தட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம். அந்தப் 'பிறகு' எவ்வளவு விலை வைக்கும் என்பதை உலகம் 2017-ல் பார்த்தது.

அந்த ஆண்டு மார்ச் 14-ம் தேதி, விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. பலர் அதைப் போடவில்லை. சரியாக இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மே 12-ம் தேதி 'வான்னாக்ரை' என்ற வைரஸ் அதே ஓட்டை வழியாகப் பரவியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களில் ஃபைல்கள் பூட்டப்பட்டன. திறக்க வேண்டுமானால் பிட்காயினில் பணம் கொடு என்றது திரை. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அப்பாயின்ட்மென்ட்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகின. அப்டேட் போட்டிருந்த கம்ப்யூட்டர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

விண்டோஸ் 7-க்கான இலவச பாதுகாப்பு அப்டேட்டுகள் 2020 ஜனவரி 14-ம் தேதியோடும், விண்டோஸ் 10-க்கானவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடும் நின்றுவிட்டன. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள், மைக்ரோசாஃப்ட்டின் நீட்டிப்புத் திட்டத்தில் சேர வேண்டும் அல்லது விண்டோஸ் 11-க்கு மாற வேண்டும். இன்னும் விண்டோஸ் 7 ஓடும் கம்ப்யூட்டர் கடையிலோ வீட்டிலோ இருந்தால், அதில் நெட் பேங்கிங் பக்கமே போகாதீர்கள்.

'கிராக்' செய்த மென்பொருளும் அப்படித்தான். அதை இன்ஸ்டால் செய்யும்போது, முதல் வேலையாக 'ஆன்டிவைரஸை ஆஃப் செய்யுங்கள்' என்று சொல்லும். வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்துவைக்கச் சொல்பவர் எதற்கு வருவார்? விண்டோஸோடு இலவசமாக வரும் டிஃபெண்டரை ஆன் செய்து, அப்டேட்டும் போட்டுவந்தாலே வீட்டு உபயோகத்துக்குப் பெரும்பாலும் போதும்.

ஆபீஸிலும் ஜெராக்ஸ் கடையிலும்

கூடங்குளம் அணுமின் நிலையம் தொடர்பான செய்தி நினைவிருக்கலாம். 2019 செப்டம்பரில் இந்திய அணுமின் கழகத்தின் கம்ப்யூட்டர் ஒன்றில் வைரஸ் இருப்பதை மத்திய அரசின் 'சர்ட் இன்' அமைப்பு கண்டுபிடித்தது. அது இணையத்தோடு தொடர்புடைய நிர்வாகப் பணிக்கான கம்ப்யூட்டர் என்றும், உலையை இயக்கும் அமைப்புகள் தனியே பிரித்து வைக்கப்பட்டிருப்பதால் பாதிப்பில்லை என்றும் கழகம் விளக்கம் தந்தது. முக்கியமானதைத் தனியே வைத்ததுதான் காப்பாற்றியது.

சின்ன ஆபீஸுக்கும் இது பொருந்தும். கணக்கு வழக்கு பார்க்கும், பணம் அனுப்பும் கம்ப்யூட்டரில் கேம், சினிமா டவுன்லோடு வேண்டாம். டீ குடிக்க எழுந்தால், விண்டோஸ் பட்டனோடு 'எல்' எழுத்தை அழுத்தி லாக் செய்யுங்கள். கீழே கிடந்த பென் டிரைவை 'என்னதான் இருக்கிறது' என்று பார்க்காதீர்கள். வேலையை விட்டுப் போனவரின் லாக் இன்-ஐ அன்றே நீக்கிவிடுங்கள்.

வியாபாரிகளைக் குறிவைக்கும் மோசடி ஒன்று உண்டு. வழக்கமாகச் சரக்கு அனுப்பும் கம்பெனியிடமிருந்து மெயில் வரும். 'எங்கள் பேங்க் அக்கவுன்ட் மாறிவிட்டது, இனி இதில் பணம் போடவும்.' மெயில் முகவரியில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும், அல்லது அவர்களின் மெயிலே திருடப்பட்டிருக்கும். பணம் போடுவதற்கு முன், உங்களிடம் பழைய நாளிலிருந்து இருக்கும் எண்ணில் அவர்களை அழைத்துப் பேசுங்கள். முதலாளியின் போட்டோ வைத்த புதிய வாட்ஸ்அப் எண்ணிலிருந்து 'மீட்டிங்கில் இருக்கிறேன், உடனே பணம் அனுப்பு' என்று வந்தாலும் இதேதான்.

ஜெராக்ஸ் கடையையும் மறக்கக் கூடாது. ஆதார், பான் பிரதிகளைக் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கோ மெயிலுக்கோ அனுப்பிவிட்டு, பிரின்ட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். ஃபைல் அந்தக் கம்ப்யூட்டரின் 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரில் பத்திரமாக இருக்கிறது. 'அண்ணா, அதை டெலிட் பண்ணிடுங்க' என்று கேட்டு, கூடவே நின்று பாருங்கள். ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' பல இடங்களுக்குப் போதும். அதை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே டவுன்லோடு செய்யலாம்.

நாளை கம்ப்யூட்டர் திறக்கவில்லை என்றால்?

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் 2022 நவம்பர் 23-ம் தேதி சைபர் தாக்குதலில் முடங்கின. நோயாளிகளின் பதிவு முதல் பரிசோதனை முடிவுகள் வரை பல நாள்கள் கையால் எழுதித்தான் வேலை நடந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி என்றால், மூன்று வருட டேலி கணக்கு முழுவதையும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் கடையின் நிலை என்ன? குழந்தை பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோக்கள் அத்தனையையும் ஒரே போனில் வைத்திருக்கும் வீட்டின் நிலை என்ன?

வாரம் ஒருமுறை, ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். எடுத்து முடித்ததும் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். இது முக்கியம். எப்போதும் செருகியே இருந்தால், கம்ப்யூட்டரைப் பூட்டும் வைரஸ் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். இன்னொரு காப்பி கூகுள் டிரைவ் போன்ற இடத்தில் இருக்கட்டும்.

கடைசிப் பழக்கம்: வீட்டில் யாரையும் திட்டாதீர்கள்

'நாங்கள் சி.பி.ஐ-யிலிருந்து பேசுகிறோம். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள். உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம். வீடியோ காலை அணைக்கக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது.' ஓய்வுபெற்றவர்களின் சேமிப்பை மொத்தமாக விழுங்கும் மோசடி இது. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்ற ஒன்று இந்தியச் சட்டத்திலேயே இல்லை. பிரதமரே 2024 அக்டோபர் 27-ம் தேதி 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் இதை எடுத்துச் சொன்னார்.

இந்த மிரட்டலில் 'யாரிடமும் சொல்லக் கூடாது' என்பதுதான் உயிர்நாடி. ஒரே ஒருவரிடம் சொன்னால் போதும், மோசடி அங்கேயே உடைந்துவிடும். ஆனால், நம் வீடுகளில் என்ன நடக்கிறது? போனில் ஏதோ தப்பாகத் தட்டிவிட்ட அம்மாவிடம், 'உனக்கு எதுக்கும்மா இந்த போன்?' என்று எரிந்து விழுகிறோம். அடுத்த முறை நிஜமாகவே ஒரு வில்லங்கம் வரும்போது அவர் நம்மிடம் சொல்ல மாட்டார். அப்பா சொல்ல மாட்டார். ஆன்லைன் கேமில் பணம் போன மகனும் சொல்ல மாட்டான். அந்த மௌனத்தில்தான் பணம் பறிபோகிறது.

சீக்கிரம் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பணம் போனது தெரிந்ததும் 1930 என்ற எண்ணுக்கு அழைத்தால், அந்தப் பணம் எந்தெந்த அக்கவுன்ட்டுக்குப் போகிறதோ அந்த வங்கிகளுக்கெல்லாம் தகவல் போகும். எடுப்பதற்குள் பிடித்தால் பணம் அங்கேயே முடக்கப்படும். மணிக்கணக்கில் தாமதித்தால் அது பல அக்கவுன்ட்டுகள் மாறி ரொக்கமாகிவிடும். அழைக்கும்போது தொகை, நேரம், பரிவர்த்தனை எண் மூன்றையும் கையில் வைத்திருங்கள். 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' தளத்திலும் புகாரைப் பதியலாம். வங்கிக்கும் உடனே சொல்லி கார்டையும் யு.பி.ஐ-யையும் முடக்குங்கள்.

வங்கிக்குச் சொல்வதில் சட்டப்படியும் லாபம் உண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கி மீதோ நம் மீதோ தவறில்லாமல் மூன்றாவது இடத்தில் நடந்த குளறுபடியால் பணம் போனால், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாள்களுக்குள் புகார் செய்தால் நமக்கு நஷ்டமில்லை. நாமே ஓ.டி.பி-யைச் சொல்லியிருந்தால், புகார் செய்யும்வரை போன பணம் நம் பொறுப்பு. ஆனால், புகார் செய்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. எனவே, வெட்கப்பட்டுத் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் நம் காசுதான்.

இந்த ஞாயிறு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்

குடும்பத்தோடு உட்கார்ந்து, எல்லோர் போனையும் எடுத்து இவற்றைச் செய்து முடியுங்கள்.

* மெயிலுக்கு நீளமான, வேறெங்கும் இல்லாத பாஸ்வேர்டு வையுங்கள். மெயில், வாட்ஸ்அப் இரண்டிலும் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆன் செய்யுங்கள்.

* போனிலும் கம்ப்யூட்டரிலும் காத்திருக்கும் அப்டேட்டுகளைப் போடுங்கள். பயன்படுத்தாத ஆப்களை நீக்குங்கள்.

* வைஃபை ரூட்டரோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். அது 'அட்மின்' என்றே இருந்தால் கட்டாயம் மாற்றுங்கள்.

* உங்கள் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் இருக்கின்றன என்று மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பாருங்கள். உங்களுடையது இல்லாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். போன் தொலைந்தால் முடக்கும் வசதியும் அதில் உண்டு.

* போட்டோக்களுக்கு ஒரு பேக்அப் எடுங்கள்.

* குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல்லை முடிவு செய்யுங்கள். மகனின் குரலிலேயே 'ஆக்சிடென்ட் ஆகிவிட்டது, பணம் அனுப்பு' என்று போன் வந்தாலும் அந்தச் சொல்லைக் கேளுங்கள். குரலை நகலெடுக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன.

* தினசரி காலண்டர் அட்டையின் மேல் 1930 என்று பெரிதாக எழுதிவையுங்கள். அதன் கீழே இன்னொரு வரியும் எழுதுங்கள்: 'என்ன நடந்தாலும் முதலில் வீட்டில் சொல்லு. யாரும் திட்ட மாட்டோம்.'